எந்த எண் எதற்குச் சொந்தம்: அளவு இயக்கும் மாடலிங், ஒரு ஃபிக்ஸ்சர் பலகையை வைத்து முழுமையான வழிகாட்டி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை நடக்கும்போது பொருளை இடம் மாறாமல் பிடித்து வைக்கும் சாதனங்கள்) டிசைன் செய்யும் யாரிடம் பேசினாலும் ஒன்று சொல்வார்கள்: புதிதாக வரைவதைவிட ஏற்கெனவே வரைந்ததைத் திருத்தும் வேலைதான் அதிகம். கஸ்டமரின் சர்க்யூட் போர்டு 5 மி.மீ. நீண்டுவிட்டது, கனெக்டர் இடம் மாறிவிட்டது, புதிய ரிவிஷனில் தடிமன் வேறு. அப்போது உங்கள் மாடலில் ஓர் எண்ணை மாற்றி என்டர் தட்டினால் மற்றதெல்லாம் சரியாக நகர வேண்டும். நகராமல் ஸ்கெட்ச் (மாடலுக்கு அடிப்படையான தட்டை வரைபடம்) சிதறினாலோ, அதைவிட மோசமாக, சிதறாமல் தப்பான இடத்துக்கு நகர்ந்தாலோ, கோளாறு பெரும்பாலும் நீங்கள் அளவு போட்ட விதத்தில்தான் இருக்கும்.

போலிடெக்னிக்கிலும் தொழில் பயிற்சி நிலையங்களிலும் நம் பிள்ளைகள் மென்பொருளின் பட்டன்களை நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். எந்த அளவை எங்கிருந்து போடவேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவது குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃப்ரீகேட் 1.0 என்ற கேட் (கணினியில் வரையும்) மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், 2024 நவம்பரில் வந்தது, இலவசம், வீட்டு லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃப்யூஷன் எதில் வேலை செய்தாலும் விஷயம் ஒன்றுதான். அளவும் நிபந்தனையும் வடிவத்தை இயக்கும் என்ற இந்தச் சிந்தனை பழசு. 1963-லேயே ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் நிரல், இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்கட்டும் என்று சொன்னால் கணினியே அதைக் காப்பாற்றும்படி செய்தது. 1988-இல் வந்த ப்ரோ எஞ்சினியர் மென்பொருள் அதைத் தொழிற்சாலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சரி, வேலைக்கு வருவோம்.

நாம் செய்யப்போவது

100 × 60 மி.மீ. அளவில், 1.6 மி.மீ. தடிமனில் ஒரு சர்க்யூட் போர்டு. அதை உட்கார வைக்க ஓர் அலுமினியப் பலகை. நடுவில் போர்டு உட்காரும் ஆழமில்லாத குழி, அதற்குள் போர்டின் அடிப்பக்கப் பாகங்கள் இடிக்காமலிருக்க இன்னோர் ஆழமான குழி, பலகையை மெஷின் மேசையில் இறுக்க 4 எம்6 திருகுத் துளைகள், இடம் தவறாமலிருக்க 2 டவல் பின் (இடத்தை நிர்ணயிக்கும் உருளை ஊசி). அவ்வளவுதான். ஆனால் அளவு போடுவதில் வரும் சிக்கல் அத்தனையும் இந்தச் சின்னப் பலகையிலேயே இருக்கிறது.

படி 1: மவுஸைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

ஒரு தாளை எடுத்து, வேலையில் வரும் எல்லா எண்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதையே செய்யுங்கள் என்பேன்.

போர்டின் நீளம், அகலம், தடிமன் கஸ்டமருக்குச் சொந்தம், எப்போது வேண்டுமானாலும் மாறும். போர்டைச் சுற்றி விடும் இடைவெளி, பக்கத்துக்கு 0.2 மி.மீ., நம் முடிவு. குழிச் சுவருக்கு வெளியே குறைந்தது 25 மி.மீ. விளிம்பு வேண்டும், அதுவும் நம் முடிவு. திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரம் 130 × 90. இது யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழி நீளம் 100 + 0.2 + 0.2 = 100.4. இரு பக்கமும் 25 சேர்த்தால் 150.4. பலகையை 5-இன் மடங்காகவே வெட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால் 155. அகலம் அதேபோல் 60.4 + 50 = 110.4, அதாவது 115. 155 நீளப் பலகையில் 130 தூரத்தில் துளை போட்டால் ஓரத்திலிருந்து 12.5. அகலத்தில் 115-க்கு 90, அங்கேயும் ஓரத்திலிருந்து 12.5.

இப்போது இரண்டு பேர் இதை வரைகிறார்கள். ஒருவர் துளையை ஓரத்திலிருந்து 12.5 என்று போடுகிறார். இன்னொருவர் துளைக்குத் துளை 130 × 90, பலகையின் நடுவைப் பொறுத்துச் சமச்சீர் என்று போடுகிறார். திரையில் இரண்டும் ஒன்றே. பிரிண்ட் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. கஸ்டமர் போர்டை 105 ஆக்கினால்? பலகை 160 ஆகிறது. முதலாமவர் மாடலில் துளைத் தூரம் 135 ஆகிவிடும், மெஷின் மேசையில் துளை 130-இல்தான் இருக்கிறது, பலகை உட்காராது. இரண்டாமவர் மாடலில் துளை அசையவில்லை, ஓரம்தான் 15 ஆனது. துளைத் தூரம் மெஷினுக்குச் சொந்தம் என்று தாளில் எழுதியிருந்தால் முதலாமவருக்கும் இது நேர்ந்திருக்காது. எந்த மென்பொருளும் இதை உங்களுக்குச் சொல்லாது, ஏனென்றால் இரண்டு மாடலுமே கணக்குப்படி சரி.

மேசையில் துளையே இல்லை, அடிப்பலகையையும் சேர்த்து நாமே செய்கிறோம் என்றால் 12.5 முறை சரியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒவ்வொரு வேலையிலும் புதிதாகக் கேட்க வேண்டும், பழைய டிராயிங்கைப் பார்த்து அதே அளவுகளை அப்படியே இறக்கக் கூடாது.

படி 2: எண்களுக்குப் பெயர்

ஃப்ரீகேடில் ஸ்பிரெட்ஷீட் பகுதியைத் திறந்து, தாளில் எழுதிய எண்களை அதில் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுங்கள். மென்பொருளில் பெயர்களை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது, இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நாம் கையால் மாற்றும் எண்கள்:
போர்டு_நீளம் 100, போர்டு_அகலம் 60, போர்டு_தடிமன் 1.6, இடைவெளி 0.2, விளிம்பு 25, தாங்கல் (போர்டின் ஓரம் உட்காரும் படியின் அகலம்) 3, துளைத்தூரம்_நீளம் 130, துளைத்தூரம்_அகலம் 90, பலகை_தடிமன் 15.

கணக்கில் வரும் எண்கள்:
குழி_நீளம் = போர்டு_நீளம் + 2 × இடைவெளி
பலகை_நீளம் = (குழி_நீளம் + 2 × விளிம்பு), மேல்நோக்கி 5-இன் மடங்காக
குழி_ஆழம் = போர்டு_தடிமன் − 0.4
உள்குழி_நீளம் = போர்டு_நீளம் − 2 × தாங்கல்

அகலத்துக்கும் இதே மாதிரி. மேல்நோக்கி முழுமையாக்க, 5-ஆல் வகுத்து, ceil என்று ஆங்கிலத்தில் எழுதும் சார்பைப் போட்டு, மறுபடி 5-ஆல் பெருக்கினால் போதும். இதில் ஒரு நன்மை பாருங்கள். போர்டு 104 ஆனாலும் 104.4 + 50 = 154.4, பலகை 155-லேயே நிற்கும். ஏற்கெனவே வெட்டி வைத்த அலுமினியம் வீணாகாது. குழி ஆழத்தில் 0.4 கழிப்பதற்குக் காரணம், போர்டு குழியிலிருந்து கொஞ்சம் மேலே நின்றால்தான் மேலிருந்து அமுக்கும் கிளாம்ப் போர்டைத் தொடும், பலகையைத் தொடாது.

இரண்டு கூட்டத்தையும் ஷீட்டில் வேறு வேறு நிறத்தில் வையுங்கள், ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று உடனே தெரிய வேண்டும். இன்னொன்று: எடை, கன அளவு போன்றவற்றை மாடலிலிருந்து படித்து இதே ஷீட்டில் போடாதீர்கள். ஷீட் மாடலை இயக்குகிறது, மாடல் ஷீட்டுக்கு எண் தருகிறது என்று வட்டமாகிவிடும், ஃப்ரீகேட் சுழற்சிப் பிழை காட்டும். கட்டங்கள் வேறு வேறாக இருந்தாலும் காட்டும், ஏனென்றால் அது ஷீட்டை முழுசாகவே ஒரு பொருளாகப் பார்க்கிறது. அப்படித் தேவையென்றால் இரண்டாவது ஷீட் போடுங்கள்.

படி 3: எது பூஜ்யம்

ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பகுதியில் புதிய பாடி (ஒரு திடப்பொருள்) தொடங்குங்கள். பலகையின் மேல் பரப்பு எக்ஸ்ஒய் தளத்தில் (கிடையான அடிப்படைத் தளம்) இருக்கட்டும், பலகை அங்கிருந்து கீழ்நோக்கி வளரட்டும், அதாவது பேட் (ஸ்கெட்ச்சுக்குத் தடிமன் கொடுக்கும் கருவி) போடும்போது திசையைத் திருப்பிவிடுங்கள். குழி, துளை எல்லாமே மேலிருந்துதான் வெட்டப்போகிறோம். மேல் பரப்பே பூஜ்யமானால் எல்லா ஸ்கெட்ச்சையும் அதே எக்ஸ்ஒய் தளத்தில் போடலாம், பலகைத் தடிமன் 15-இலிருந்து 20 ஆனாலும் எதுவும் நகராது.

புதிதாக வருபவர்கள் செய்வது, பேட் போட்டதும் அதன் முகத்தை கிளிக் செய்து அதன்மேல் அடுத்த ஸ்கெட்ச், அப்புறம் அந்தக் குழியின் அடிமுகத்தில் இன்னொரு ஸ்கெட்ச். பார்க்க வசதிதான். ஆனால் மென்பொருள் அந்த முகத்தை ஆறாவது முகம், ஒன்பதாவது முகம் என்று எண்ணிட்டுத்தான் நினைவு வைக்கிறது. முன்னால் ஏதாவது மாறினால் எண்கள் இடம் மாறி, ஸ்கெட்ச் வேறு முகத்துக்குத் தாவிவிடும். 1.0-இல் இதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். என்றாலும் அடிப்படைத் தளங்களில் ஒட்டும் பழக்கம் எந்த மென்பொருளிலும் உங்களைக் காப்பாற்றும்.

படி 4: முதல் ஸ்கெட்ச், அசைவுகளை எண்ணுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஸ்கெட்ச்சில் ஒரு புள்ளிக்கு 2 அசைவு, பக்கவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று. கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 4. வட்டத்துக்கு 3, மையத்துக்கு 2, ஆரத்துக்கு 1. வில்லுக்கு 5. நீங்கள் போடும் ஒவ்வொரு கட்டுப்பாடும் (ஒட்டல், கிடை, அளவு போன்ற நிபந்தனை) இதிலிருந்து சிலவற்றைக் கழிக்கிறது. மீதம் பூஜ்யம் ஆனால் ஸ்கெட்ச் முழுதாகக் கட்டப்பட்டது, ஃப்ரீகேடில் பச்சையாகும், சாலிட்வொர்க்ஸில் நீலம் போய்க் கறுப்பாகும்.

செவ்வகத்தை எண்ணுவோம். 4 கோடு, 16 அசைவு. 4 மூலையிலும் முனைகள் ஒட்டுகின்றன, ஓர் ஒட்டலுக்கு 2 வீதம் 8 போனது, மீதம் 8. இரண்டு கோடு கிடை, இரண்டு கோடு செங்குத்து, 4 போனது, மீதம் 4. செவ்வகக் கருவி இதுவரை தானே செய்துவிடும். மீதமுள்ள 4 என்ன? நீளம், அகலம், எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு. எதிரெதிர் மூலைகள் இரண்டையும் ஆதிப்புள்ளியையும் தேர்ந்தெடுத்துச் சமச்சீர் கொடுங்கள், 2 போகும். நீளக் கோட்டுக்கு அளவு போடும்போது எண் பெட்டியில் சமக்குறி தட்டினால் சூத்திரப் பெட்டி திறக்கும், அங்கே ஷீட்டின் பலகை_நீளம். அகலத்துக்கும் அப்படியே. மீதம் 0. பேட் போடுங்கள், ஆழம் பலகை_தடிமன், திசை கீழே.

இப்படி எண்ணிப் பழகியவருக்கு, ஸ்கெட்ச்சில் ஓர் அசைவு மீதமிருக்கிறது என்று மென்பொருள் சொல்லும்போது எது மிச்சம் என்று உடனே கைக்கு எட்டும். எண்ணாதவர்கள் பச்சை வரும்வரை கண்டதற்கெல்லாம் அளவு போடுவார்கள். பச்சை வந்துவிடும், ஆனால் தாளில் எழுதியதற்கும் அந்த அளவுகளுக்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரு பழக்கம்: முதலில் வடிவக் கட்டுப்பாடுகள், அதாவது ஒட்டல், கிடை, செங்குத்து, சமம், சமச்சீர். அதெல்லாம் முடிந்த பிறகே எண்கள். ஒரு ஸ்கெட்ச்சில் எண்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 5: குழிகள்

எக்ஸ்ஒய் தளத்தில் இரண்டாவது ஸ்கெட்ச், அதே முறையில் செவ்வகம், குழி_நீளம், குழி_அகலம், பாக்கெட் (குழி வெட்டும் கருவி) ஆழம் குழி_ஆழம், அதாவது 1.2. மூன்றாவது ஸ்கெட்ச் உள்குழி, 94 × 54, மேலிருந்து ஆழம் 8. போர்டு சுற்றிலும் 3 மி.மீ. தாங்கலில் உட்காரும்.

மூலைகளை மறக்காதீர்கள். மில்லிங் கட்டர் உருண்டை, குழியின் உள்மூலையைக் கூர்மையாக வெட்ட முடியாது. 6 மி.மீ. கட்டர் என்றால் மூலையில் 3 மி.மீ. வளைவு தங்கும், கூர்மூலைப் போர்டு அங்கே உட்காராது. அதனால் குழியின் 4 மூலையிலும் மையம் வைத்து 6 மி.மீ. வட்டம் போட்டு அதே ஆழத்தில் வெட்டிவிட வேண்டும். அந்த வட்டங்களைத் தனி ஸ்கெட்ச்சில் போடுங்கள், குழி ஸ்கெட்ச்சின் மூலைகளை வெளி வடிவமாக (எக்ஸ்டெர்னல் ஜியாமெட்ரி) இழுத்துக்கொண்டு மையங்களை அதில் ஒட்டுங்கள். 4 வட்டம், 12 அசைவு. மையங்கள் ஒட்டியதும் 8 போய்விடும். மூன்று சமக் கட்டுப்பாடு, ஒரு விட்டம், முடிந்தது. ஒரே ஓர் எண்.

உள்குழி மூலைக்கு 3 மி.மீ. ஃபில்லெட் (மூலை வளைவு) போதும். ஃபில்லெட், சாம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு) எல்லாம் மாடலின் படிகளைக் காட்டும் மரத்தில் கடைசியாக வரட்டும், விளிம்புகளைப் பிடித்துத் தொங்கும் வேலை என்பதால் முன்னால் எது மாறினாலும் முதலில் அறுந்துபோவது அவைதான்.

படி 6: துளைகளும் பின்களும்

துணைக்கோடாக (வழிகாட்ட மட்டும், வெட்டுவதற்கல்ல) ஒரு செவ்வகம், ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீர், நீளம் துளைத்தூரம்_நீளம், அகலம் துளைத்தூரம்_அகலம். நான்கு மூலையிலும் வட்டம். ஹோல் கருவியில் எம்6, ஐஎஸ்ஓ 4762 திருகுத் தலைக்கான கவுன்டர்போர் (தலை அமிழும் குழி), முழுவதும் ஊடுருவி. சாதாரணப் பொருத்தத்தில் எம்6-க்குத் துளை 6.6, தலைக்குழி 11 வரும். அந்தக் கருவி ஸ்கெட்ச்சில் உள்ள வட்டத்தின் மையத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், விட்டத்தை அல்ல.

டவல் பின் இரண்டும் எக்ஸ் அச்சில், நடுவிலிருந்து 65 தூரத்தில் இருபுறமும். துளை 6 எச்7, அதாவது 6.000-க்கும் 6.012-க்கும் இடையில். இதில் ஒன்று வட்டத் துளை, மற்றொன்று எக்ஸ் திசையில் நீண்ட ஸ்லாட். இரண்டையும் வட்டமாகவே இறுக்கமாகப் போட்டால் என்ன? பலகையில் 130.00, மேசையில் 130.03 என்றால் பலகை இறங்காது. ஒரு வட்டத் துளை இரண்டு திசை நகர்வையும் நிறுத்திவிடுகிறது, மீதமிருப்பது சுழற்சி மட்டும், அதை நிறுத்த ஸ்லாட்டின் அகலம் போதும். அலுமினியத்திலும் எஃகிலும் நடக்கும் இதே கணக்கைத்தான் ஸ்கெட்ச்சிலும் செய்கிறோம். தேவைக்கு மேல் ஒரு கட்டுப்பாடு போட்டால் இரண்டிலும் முரண்டு பிடிக்கும்.

படி 7: சிவப்பு வந்தால்

அதிகப்படியான கட்டுப்பாட்டில் இரண்டு வகை. ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்வது ஒன்று, சொன்னதற்கு எதிராகச் சொல்வது மற்றொன்று. இரண்டாவது சிவப்பைக் காட்டி நிறுத்திவிடும். முதலாவது இன்றைக்குப் பொருந்திப் போகும், எண்ணை மாற்றிய அன்றைக்கு முரணாகும், அதனால் அதையும் விட்டுவைக்காதீர்கள். கடைசியாகப் போட்டதை அழிப்பதே பலருக்கு வழக்கம். அவசரப்படாமல் தாளைப் பாருங்கள், தப்பான சொந்தக்காரருக்குப் போட்ட கட்டுப்பாடு எதுவோ அதை அழியுங்கள். ஓர் அளவைப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் அதைக் குறிப்பு அளவாக மாற்றுங்கள், அது அளந்து காட்டும், எதையும் இயக்காது. ஓரத்திலிருந்து துளைக்கு உள்ள 12.5 அப்படித்தான் இருக்க வேண்டும்.

சில சமயம் சிவப்பே வராது, ஆனால் எண்ணை மாற்றியதும் வடிவம் கவிழ்ந்துவிடும், துளை வெளியே போய் நிற்கும். காரணம் இது. ஒரு புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் என்ற நிபந்தனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு. மென்பொருள் இப்போதுள்ள நிலையிலிருந்து படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய் ஒரு விடையில் நிற்கிறது, பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் விடையில். எண் பெரிதாகத் தாவினால் வேறு விடையில் போய் விழலாம். அதனால் வரையும்போதே ஏறக்குறைய சரியான அளவில் வரையுங்கள், பெரிய மாற்றத்தை இரண்டு மூன்று கட்டமாகச் செய்யுங்கள். அடிக்கடி கவிழும் ஸ்கெட்ச்சில் தூரத்துக்குப் பதில் சமச்சீரோ கிடைக் கட்டுப்பாடோ போட முடியுமா என்று பாருங்கள்.

படி 8: உடைத்துப் பாருங்கள்

மாடல் முடிந்ததும் உடனே அனுப்பாதீர்கள். போர்டு_நீளத்தை 104 ஆக்குங்கள், பலகை 155-இல் நிற்கிறதா? 105, பலகை 160 ஆகி, துளை 130-லேயே இருக்கிறதா? போர்டு 125 × 85 கொடுங்கள். குழி மூலை நடுவிலிருந்து 62.7, 42.7-க்கு வந்துவிடும், திருகு மையம் 65, 45-இல் இருக்கிறது, தலைக்குழியின் ஆரம் 5.5, ஆக இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிக் காட்டும். போர்டு எந்த அளவுவரை வளர்ந்தாலும் பலகை இந்த மெஷின் துளைகளோடு வாழ முடியும் என்பது இப்படித்தான் தெரியும். அந்த எல்லையை ஷீட்டிலேயே எழுதி வையுங்கள், கஸ்டமர் கூட்டத்தில் கேட்கும்போது அங்கேயே பதில் சொல்லலாம்.

படி 9: டிராயிங்

மாடலில் போட்ட அதே முறைதான் டிராயிங்கிலும் வரவேண்டும். துளைகளைத் தொடர்ச்சியாக, ஒன்றிலிருந்து அடுத்தது என்று அளவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ±0.1 கொடுத்தால், மூன்றாவது அளவின் முடிவில் தொடக்கத்திலிருந்து ±0.3 வரை விலகலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து போட்டால் ஒவ்வொன்றும் ±0.1-இலேயே நிற்கும். நம் பலகைக்கு அந்த ஒரே இடம் வட்ட டவல் துளை, பலகையின் ஓரம் அல்ல, ஏனென்றால் மெஷினில் பலகையை நிறுத்துவது அந்தப் பின்தான், ஓரம் எதையும் தொடுவதில்லை. பலகை நீளம் 155-க்கு இறுக்கமான டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) கேட்டுக் காசை வீணாக்க வேண்டாம், குழிக்கும் டவலுக்கும் மட்டும் கேளுங்கள்.

படி 10: அனுப்புவது

பிறையிலோ சிம்பாங் அம்பாட்டிலோ இருக்கும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) பட்டறைக்கு, கேட் மென்பொருள்களுக்கிடையே வடிவத்தைக் கொண்டுபோகும் ஸ்டெப் கோப்பும் பிடிஎஃப் டிராயிங்கும் சேர்த்தே போகட்டும். ஸ்டெப்பில் வடிவம் போகும், ஷீட், சூத்திரம், கட்டுப்பாடு எதுவும் போகாது. அதே காரணத்தால் கஸ்டமர் அனுப்பும் ஸ்டெப்பில் ஓர் எண்ணை மாற்ற வழி தேடாதீர்கள், அதை அளந்து எண்களை உங்கள் ஷீட்டில் போடுங்கள். பட்டறைக்காரர் போனில் கூப்பிட்டு 3 மி.மீ. மூலையை 4 ஆக்கலாமா என்று கேட்டால், சரி என்று சொல்வதோடு நிறுத்தாமல் அன்றைக்கே அசல் கோப்பிலும் மாற்றி, போர்டின் ரிவிஷன் எண்ணை ஷீட்டின் முதல் வரியில் எழுதி, டிராயிங்கைப் புதிய ரிவிஷனில் மறுபடி அனுப்புங்கள்.